இயந்திரமும் அதிகாரமும் – 7: பாய்லர் இன்ஸ்பெக்டரின் எல்லை

2020 ஜூலை 1 காலை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில், நின்றுபோயிருந்த ஐந்தாவது அலகை மறுபடி ஓட்டுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த வெடிப்பு. 6 பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயங்களோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் உயிர்விட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், மே 7 அன்று, இதே நிலையத்தின் ஆறாவது அலகிலும் விபத்து நடந்து உயிர்கள் போயிருந்தன.

பாய்லர் வெடித்தது என்று செய்திகள் சொல்ல, பாய்லர் அப்போது ஓட்டத்திலேயே இல்லை என்றது நிறுவனத் தரப்பு. இறந்தவர் வீட்டாருக்கு இந்த வேறுபாட்டால் எதுவும் ஆகப்போவதில்லை. சட்டத்துக்கோ எல்லாமே இதில்தான் இருக்கிறது. அப்போது நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் பாய்லர் என்று சொன்னது, அழுத்தத்தோடு நீராவி உண்டாகும் கலத்தையும் அதைச் சார்ந்த குழாய், வால்வு வகையறாக்களையும்தான். இன்ஸ்பெக்டர் வருவார், தண்ணீரை நிரப்பி வழக்கமான அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பார், குழாய்களின் கனத்தை அளப்பார், குறிப்பிட்ட காலத்துக்குச் சான்றிதழ் கொடுப்பார். நெருப்பின் பக்கம் அவர் பொறுப்பில் பெரிதாக எதுவும் இல்லை.

நெய்வேலியில் ஆபத்து அந்தப் பக்கம்தான் அதிகம். இங்கே கிடைக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம். ஆனால் வெட்டியெடுத்துக் காற்றுபடப் போட்டு வைத்தால் தானாகவே சூடேறிக் கனலத் தொடங்கிவிடும். உலையிலிருந்து வரும் சூடான புகையைக் கொண்டே அதன் ஈரத்தை வாட்டி, அரைத்து, தூளாக உள்ளே ஊதுகிறார்கள். தூளும் சூடும் காற்றும் எங்கே, எந்த அளவில் சேர்கின்றன என்பதைப் பொறுத்தே அங்கு வேலைசெய்கிறவர்களின் உயிர். ஓடிக்கொண்டிருக்கும் அலகைவிட, நிறுத்திய அலகைத் திரும்பக் கிளப்பும் நேரத்தில்தான் அந்தக் கணக்கு எளிதில் தவறும்.

இந்தத் தொடரில் தொடக்கத்திலிருந்து கேட்டுவரும் கேள்வி, புதுத் தொழில்நுட்பத்தை அரசு ஆள்வதா, தனியார் ஆள்வதா என்பது. அந்தக் கேள்வி போதாது என்பதை நெய்வேலி எனக்குக் காட்டுகிறது. நிலையத்தின் உரிமையாளர் மத்திய அரசின் நிறுவனமான என்.எல்.சி. பாய்லரைச் சோதிப்பது மாநில அரசின் கொதிகலன் இயக்ககம். சுரங்கத்தின் பாதுகாப்புக்குத் தன்பாத்தில் தலைமையகம் உள்ள மத்திய இயக்ககம். பக்கத்திலேயே 2002 முதல் ஓடும் 250 மெகாவாட் தனியார் மின்நிலையம், என்.எல்.சி. வெட்டித்தரும் அதே நிலக்கரியை எரிக்கிறது. அதன் பாய்லருக்கும் அதே சட்டம். உடைமை யாருடையதாக இருந்தாலும், ஓட்டுகிறவரும் சோதிக்கிறவரும் உண்மையிலேயே வேறு வேறு ஆட்களா, சோதனை ஆபத்து இருக்கும் இடம்வரை போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாய்லரும் ஒரு காலத்தில் இன்றைய செயற்கை நுண்ணறிவைப் போலப் புதிதாக வந்து மிரட்டியதுதான். 1863இல் கல்கத்தாவில் ஒன்று வெடித்த பிறகே, மறு ஆண்டு வங்காளத்தில் ஆய்வுச் சட்டம் வந்தது. ஜெர்மனியின் மன்ஹைமில் 1865இல் ஒரு மதுபான ஆலையின் பாய்லர் வெடித்தது. அங்கே அரசு முந்துவதற்குள் பாய்லர் முதலாளிகளே 1866இல் சங்கம் வைத்து, சொந்த ஆய்வாளர்களை அமர்த்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1905இல் பிராக்டன் காலணித் தொழிற்சாலையில் 58 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் போட்டது. இயந்திரப் பொறியாளர் சங்கம் எழுதிய விதித்தொகுப்பை மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் சட்டமாக்கிக்கொண்டன. தனியார் எழுதிய விதிக்கு அரசு அதிகாரம் கிடைத்தது. அது நன்றாகவே வேலை செய்தது, வெடிப்புகள் குறைந்தன. தனியார் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மன்ஹைம் சங்கத்தின் வழியில் வளர்ந்ததுதான் டி.யூ.வி. சூட் நிறுவனம். பிரேசிலின் புருமாஜின்யோவில் இருந்த சுரங்கக் கழிவு அணை உறுதியாக இருக்கிறது என்று 2018இல் சான்று கொடுத்தது அதன் பிரேசில் கிளை. 2019 ஜனவரி 25 அன்று அணை உடைந்து 270 பேர் புதைந்தார்கள். சான்று கேட்டதும் அதற்குப் பணம் கொடுத்ததும் அணையின் உரிமையாளரான வாலே நிறுவனம். நம் அரசு இன்ஸ்பெக்டருக்கும் கட்டணம் உண்டு, ஆனால் அது கருவூலத்துக்குப் போகிறது. பாய்லர் தேறினாலும் தேறாவிட்டாலும் அவர் சம்பளம் ஒன்றுதான். இந்த ஒரு ஏற்பாட்டுக்குள் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதை நாம் மதிக்கத் தவறுகிறோம்.

2007இல் வந்த திருத்தம், அங்கீகாரம் பெற்ற வெளியாரும் பாய்லரைச் சோதிக்க வழி திறந்தது. 1923 சட்டத்துக்குப் பதிலாக 2025இல் வந்த புதுச் சட்டமும் அதே வழியில் போகிறது. சில குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் அபராதம் என்றாக்கியிருக்கிறது. ஆய்வாளரை உரிமையாளரே பார்த்துப் பிடித்துக்கொள்ளும் நிலை வந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரேசில் இருக்கிறது. ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்திலும், ஆபத்து மிகுந்தவை என்று பட்டியலிட்ட பல மென்பொருள்களுக்கு, செய்தவரே சோதித்துத் தகுதி அறிவித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சோதிக்கிறவர் யார் என்ற இதே கேள்வி அடுத்து எழப்போவது, நிலக்கரியை எரிக்காமல் வாயுவாக்கும் தொழில்நுட்பத்தில். நிலக்கரியையும் பழுப்பு நிலக்கரியையும் வாயுவாக்கும் ஆலைகளுக்கு, 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் அளித்தது. பொதுத்துறைக்கும் தனியாருக்கும் பங்கு உண்டு. என்.எல்.சி.யும் நெய்வேலியில் அப்படியொரு ஆலைக்குத் திட்டமிட்டுவருகிறது. அந்தக் கலத்துக்குள் இருக்கப்போவது வெறும் நீராவி அல்ல, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும். கட்டுமானத்துக்கு ஒப்பந்தம் போடும் முன்பே, எந்த அலுவலகம் அதைச் சோதிக்கும், எதுவரை சோதிக்கும், சோதனை அறிக்கையைத் தொழிற்சங்கமும் சுற்றியுள்ள ஊர்க்காரர்களும் படிக்க முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வெடித்த பிறகு குழு அமைப்பதற்கு நெய்வேலியில் இனி யாரும் சம்மதிக்கக் கூடாது.

(தொடரும்)