சென்னைக்கு மூத்த துறைமுகம்: பழவேற்காட்டில் என்ன பார்க்கலாம்?

மத்தியதரைக் கடலோரப் பழைய துறைமுக ஊர்களில் விடுமுறையைக் கழிக்க உலகமே அலைமோதுகிறது. கூட்டம் தாங்காமல், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் வெனிஸ் நகரம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர்களுக்கு அப்படியொரு ஊர் பார்க்க விமானம் தேவையில்லை. வடக்கே பழவேற்காடு இருக்கிறது.

அவ்வளவு பழைய ஊரா?

ஆம். விஜயநகர ஆட்சிக் காலத்திலேயே இது பேர்பெற்ற துறைமுகம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தார்கள், அடுத்து டச்சுக்காரர்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு வணிகத்துக்கு அதுவே தலைமையிடம். இங்கிருந்து துணி கப்பலேறியது. அடிமைகளாக வாங்கப்பட்ட மனிதர்களும் ஆயிரக்கணக்கில் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டார்கள்.

1611இல் ஆங்கிலேயக் கப்பல் ஒன்று வியாபாரம் தேடி வந்தபோது டச்சுக்காரர்கள் இடம் கொடுக்கவில்லை. கரையெங்கும் அலைந்த ஆங்கிலேயர்களுக்குக் கடைசியில் 1639இல் கிடைத்ததுதான் மதராசப்பட்டினம். பழவேற்காடு கதவைத் திறந்திருந்தால் சென்னையின் கதையே வேறாகியிருக்கும்.

இப்போது என்ன மிச்சம்?

கோட்டை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் தகர்த்துவிட்டார்கள். முள்புதர் மண்டிய மேடுதான் மிச்சம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தை அவசியம் பாருங்கள். வாசலின் இரு புறமும் கல் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கருங்கல் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பலகையில் கோட்டையின் தோற்றத்தையே செதுக்கியிருக்கிறார்கள்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரலளவுச் சிற்பங்களில் ராமாயணக் காட்சிகள் உண்டு. பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் உண்டு. ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகளுக்குத் தனிப் பெயர்.

வெனிஸ் போல ஏன் ஆகவில்லை?

ஐரோப்பாவில் பெரிய கப்பல்கள் பக்கத்துப் புதுத் துறைமுகங்களுக்கு நகர்ந்தன. மதிலும் மாளிகையும் அப்படியே நின்றதால் பழைய ஊர்கள் விடுமுறைத் தலங்களாக மாறின. பழவேற்காட்டில் மதிலும் போயிற்று, வணிகமும் சென்னைக்குப் போயிற்று. மீன்பிடித் தொழில் மட்டும் போகவில்லை. சில்கா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைக் கோட்டைக்குப்பம் முதலான ஊர்கள் 'பாடு' என்ற முறைப்படி பங்கிட்டுக்கொள்கின்றன. கரையோரச் சேற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி கையால் துழாவி இறால் பிடிப்பவர்களையும் பார்க்கலாம். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள்.

எண்ணூரின் கதை ஐரோப்பிய ஊர்களுக்கு நேரெதிர். மதராஸ் வெள்ளைக்காரர்கள் படகு விடவும் மீன் பிடிக்கவும் வந்து தங்கிய உல்லாச இடமாக அது ஒரு காலத்தில் இருந்தது. பிறகு அனல்மின் நிலையங்கள் வந்தன, சாம்பல் வந்தது. ஓய்வெடுக்க ஆட்கள் வருவது நின்றுபோனது.

எப்படிப் போவது?

எண்ணூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலேறி பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு. பூநாரைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தங்க விடுதிகள் குறைவு. காலையில் போய் மாலையில் திரும்புவதே வசதி. தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

யாராவது படகுச் சவாரிக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சவாரிக்குத் தடை வந்தது.

காசு செலவழிப்பதாக இருந்தால் கரையில் நண்டும் மீனும் வாங்குங்கள், பனையோலைக் கூடை வாங்குங்கள். அது நேராக ஊர்க்காரர் கைக்குப் போகும்.

ஊரின் எதிர்காலம்?

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. அதை விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். கரை அரிக்கும், ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோகும் என்பது அவர்கள் அச்சம். முகத்துவாரம் தூர்ந்தால் கடல்நீர் உள்ளே வராது; இறால் குறையும், மீன் குறையும், பறவைகளும் வேறிடம் தேடும். மீனவருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் இங்கே முதல் ஒன்றுதான்: அந்த ஏரி.