வாயேஜருக்குத் தேதி தெரியாது

1977ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் கடிகாரத்தில் மணி, நிமிடம், தேதி எதுவும் கிடையாது. மூன்று எண்கள் மட்டும் உண்டு.

மூன்றாவது எண் 0.06 நொடிக்கு ஒருமுறை ஒன்று கூடும். 1ல் தொடங்கி 800 வரை போய், மறுபடி 1க்கு வரும். அப்போது நடு எண் ஒன்று கூடும். 800ஐ 0.06ஆல் பெருக்கிப் பாருங்கள், 48 நொடி. நடு எண் 60 முறை மாறினால், அதாவது 48 நிமிடம் ஆனால், முதல் எண் ஒன்று கூடும்.

ஏன் இந்த விசித்திரக் கணக்கு? வாயேஜர் கேமராவின் ஒரு படத்தில் 800 வரிகள். ஒரு வரியைப் படித்தெடுக்க 0.06 நொடி, முழுப் படத்துக்கு 48 நொடி. கலத்தின் வேலை எந்த வேகத்தில் நடக்கிறதோ அந்த வேகத்திலேயே கடிகாரமும் எண்ணுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் விஞ்ஞானிகளுக்குத் தேதி வேண்டுமே? படம் எடுத்த நொடி தெரிந்தால்தான் கலம் அப்போது எங்கே இருந்தது, கேமரா எதைப் பார்த்தது என்று சொல்ல முடியும். அதற்காக நாசா விஞ்ஞானிகள் 'ஸ்பைஸ்' என்ற மென்பொருளை வைத்திருக்கிறார்கள். மூன்று எண்களையும் சேர்த்து அது ஒரே எண்ணிக்கையாக்கும். பிறகு ஓர் அட்டவணையைப் பார்க்கும். 'கடிகாரம் இந்த எண்ணைக் காட்டியபோது பூமியில் இன்ன நேரம், அதன்பின் ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை நொடி' என்று அதில் வரிவரியாக இருக்கும். ஒரே வரி போதாது. குளிரிலும் வெப்பத்திலும் கடிகாரம் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதனால் அவ்வப்போது சரிபார்த்துப் புது வரி சேர்ப்பார்கள். சரிபார்க்கும்போது, கலத்தின் சிக்னல் பூமிக்கு வந்துசேர ஆன நேரத்தைக் கழித்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாயேஜரின் முதல் எண் 65,535 வரைதான் போகும். ஏறக்குறைய ஆறு ஆண்டில் அது நிரம்பிவிடும். ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் எல்லா இடத்திலும் 9 வந்தபின் பூஜ்ஜியத்துக்குத் திரும்புவது போல, இதுவும் முதலிலிருந்து எண்ணும். அப்படியானால் ஒரே எண் இரண்டு முறை வருமே! அதனால் ஸ்பைஸில் முன்னால் 1, 2 என்று சுற்று எண்ணையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

நிரம்பும் நாளை யாரும் நினைத்துப் பார்க்காவிட்டால்? 2005ல் டெம்பெல் 1 என்ற வால்வெள்ளியை ஆராய்ந்த 'டீப் இம்பாக்ட்' கலத்துக்கு அதுதான் நேர்ந்தது என்று கருதுகிறார்கள். அதன் மென்பொருள், 2000 ஜனவரி 1ல் தொடங்கி, நொடியில் பத்தில் ஒரு பங்கை ஒன்றாக வைத்து நேரத்தை எண்ணியது. அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கிய 32 பிட் இடத்தில் 429,49,67,295க்கு மேல் எழுத முடியாது. ஒரு நாளுக்கு 8,64,000 எண்ணிக்கை. வகுத்துப் பாருங்கள்: 4,971 நாள், 38 நிமிடம், 49 நொடி சொச்சம். காலண்டரில் எண்ணினால் 2013 ஆகஸ்ட் 11, நள்ளிரவு தாண்டிய 39வது நிமிடம் வரும்.

அந்த ஆகஸ்டில்தான் கலத்தின் தொடர்பு அறுந்தது. அதன் கணினி திரும்பத் திரும்ப நின்று, மறுபடி தொடங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். ஆன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்பவும் அதனால் முடிந்திருக்காது. பல வாரம் கூப்பிட்டும் பதில் இல்லை. செப்டம்பரில் நாசா தேடலை நிறுத்தியது.