உஷார்! அரிப்புக்கு மெடிக்கல் ஷாப் டியூப் தடவுகிறீர்களா?

"அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் தாழ்ந்த குரலில் கேட்டு வாங்கி வந்து, பிறப்புறுப்பைச் சுற்றித் தடவிக்கொள்ளும் பெண்கள் ஏராளம். தோழிகளே, அந்த டியூப்பைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு! பெரும்பாலும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் அதோடு கலந்திருக்கும்.

தடவிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஆபத்தே அதுதான். சிவப்பு மறையும், தொடை இடுக்கில் இருக்கும் படர்தாமரையோ சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். தடவுவதை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து தொடையில் வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் முழுதாக மறைவதில்லை. இப்படிப்பட்ட க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அரிப்பு ஒன்றுதான், காரணம் பல. திரித்திரியாகத் தயிர்போல வெள்ளை பட்டு, தாங்க முடியாமல் அரித்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் கர்ப்ப காலத்திலும் இது எளிதில் வரும். திரும்பத் திரும்ப வந்தால் உடனே சுகர் டெஸ்ட் எடுங்கள். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்த அரிப்பால்தான் சில பெண்களுக்குத் தெரியவருகிறது. மீன் வாடையோடு நீர்த்துப் பட்டால் பாக்டீரியா. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸாக இருக்கலாம். உடலுறவால் தொற்றுவது இது. கணவரும் சேர்ந்து மாத்திரை சாப்பிடாவிட்டால் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

நோய் எதுவும் இல்லாமலும் அரிக்கும். வாசனை சோப்பு, நாப்கின் உரசல், வியர்வையில் ஊறிய இறுக்கமான லெக்கிங்ஸ் போதும். டெட்டால் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை இன்றே விடுங்கள்! பிறப்புறுப்பின் உட்புறம் இயல்பாகவே 3.8 முதல் 4.5 வரையிலான பி.ஹெச். அளவில் அமிலத்தன்மையோடு இருக்கும். அதைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்களை நாமே அழித்துவிடக் கூடாது. வெளிப்புறத்துக்குச் சாதாரண தண்ணீர் போதும்; உள்ளே கழுவவே வேண்டாம்.

மாதவிடாய் நின்ற அம்மாக்கள், அத்தைகள், பாட்டிகளை நினைத்தால்தான் எனக்கு அதிக பயம். ஹார்மோன் குறைந்து வரும் வறட்சியாலும் அரிக்கும் என்பது உண்மை. ஆனால் அரிக்கும் இடம் வெளுத்திருந்தாலோ, தடித்திருந்தாலோ, ஆறாத புண், கட்டி, ரத்தக்கசிவு இருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தோல் வெளுக்கும் 'லைக்கன் ஸ்க்ளிரோசஸ்' நோயைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு அது புற்றுநோயில் கொண்டுபோய் விடும். வயசானா அப்படித்தான் என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கோ தோல் பிரிவுக்கோ போகலாம். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் இருக்கும் நேரம் கேட்டுப் போங்கள். போவதற்கு முன்பு உள்ளே கழுவவோ, க்ரீம் தடவவோ வேண்டாம். பரிசோதனையில் காரணம் பிடிபடாமல் போய்விடும்.