ஒரு மத்தாப்புக்குள் எத்தனை நாடு? உலக மேப்பில் சிவகாசி மட்டும் காணாமல் போவது ஏன்?

தீபாவளிக்குக் கொளுத்தும் கம்பி மத்தாப்பு விருதுநகர் மாவட்டத்திலிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனா, அந்த மத்தாப்புக்குள் இருக்கும் மருந்து எங்கிருந்து வருது?

இதை செல்போனிலேயே தொட்டுப் பார்க்க இலவச இணையதளங்கள் இருக்கின்றன. எந்த நாடு எந்தக் கனிமத்தைத் தோண்டுகிறது, யாருக்கு விற்கிறது என்பதை மேப்பாகவும் கலர் கட்டங்களாகவும் காட்டுபவை இவை. நாட்டை மாற்றினால் கோடுகள் மாறும். வருஷத்தை நகர்த்தினால் கோடு தடிக்கும், இல்லை மெலியும். ஆனால் பட்டாசு என்று வந்துவிட்டால், இந்த மேப்கள் சொல்லாமல் விடுவதுதான் பெரிய கதை.

மருந்தில் என்ன இருக்கு?

பழைய கருப்பு வெடிமருந்துக் கணக்கு எளிமையானது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். சத்தத்துக்கும் வெள்ளி வெளிச்சத்துக்கும் அலுமினிய பவுடர். சிவப்பு நிறத்துக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம். மத்தாப்பில் பொறி பொறியாகத் தெறிப்பது இரும்புத் தூள்.

இதில் கந்தகத்துக்காக இப்போது பெரும்பாலும் யாரும் சுரங்கம் தோண்டுவதில்லை. கச்சா எண்ணெயையும் எரிவாயுவையும் சுத்தப்படுத்தும்போது வெளியேறுவதுதான் உலகின் பெரும்பகுதி கந்தகம். அதாவது, பெட்ரோல் சுத்திகரிப்பின் மிச்சம் சரவெடிக்குள் போகிறது.

வெடியுப்பைத் தேடினால் கனடா வருது!

லண்டனின் சாத்தம் ஹவுஸ் ஆய்வு மையம் நடத்தும் 'ரிசோர்ஸ்ட்ரேட் டாட் எர்த்' தளத்துக்குள் போங்க. உர வகையில் பொட்டாஷைத் தேர்வு செய்து, இறக்குமதி நாடாக இந்தியாவைப் போடுங்க. வெடியுப்பு தயாரிக்க வேண்டிய பொட்டாசியத்துக்கு மூலம் இந்தப் பொட்டாஷ்தான். இந்தியா தன் தேவைக்கு ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. உலக அளவில் பெரிய உற்பத்தி நாடுகள் கனடா, ரஷ்யா, பெலாரஸ்.

வருஷத்தை நகர்த்திப் பார்ப்பதன் பலன் இங்கேதான் தெரியும். பெலாரஸ் பொட்டாஷ் லிதுவேனியாவின் கிளைப்பேடா துறைமுகம் வழியாகப் போவது 2022 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதே மாதம் உக்ரைன் போரும் தொடங்கியது. அந்த ஆண்டு உலகச் சந்தையில் பொட்டாஷ் விலை எகிறியது. உர மூட்டை விலைக்காக இதைக் கவனித்தவர்கள் பலர். வெடியுப்பும் அதே மூலத்திலிருந்து வருவதை யோசித்தவர்கள் குறைவு.

பேரியம் பக்கத்து மாநிலத்தில்தான் இருக்கு

பேரியத்தின் தாதுக்குப் பெயர் பேரைட். ஆந்திராவின் கடப்பா பகுதியில் உள்ள மங்கம்பேட்டை, உலகின் மிகப்பெரிய பேரைட் படிவங்களில் ஒன்று. இந்தியா, சீனா, மொராக்கோ மூன்றும் இந்தத் தாதுவில் முன்னணி நாடுகள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த 'ஓ.இ.சி.' தளத்தில் 2511 என்ற சரக்குக் குறியீட்டைப் போட்டால் இந்தியாவிலிருந்து கோடுகள் கிளம்பும். அவை போவது அமெரிக்காவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும். காரணம், உலகின் பேரைட்டில் பெரும்பங்கு எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக் கலவைக்குப் போகிறது. பட்டாசுக்குப் போவது அதில் ஒரு துளிதான்.

அந்தத் துளிதான் சிவகாசியின் தலைவலி. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. 2021 அக்டோபரில் அதை மீண்டும் உறுதி செய்தது. பேரியத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்ட மனுவை 2023 செப்டம்பரில் நிராகரித்தது. மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் போன்றவற்றில் பேரியம் நைட்ரேட் வெறும் நிறத்துக்காக மட்டும் சேர்வதில்லை. மருந்து எரியத் தேவையான ஆக்சிஜனைத் தருவதும் அதுதான். அதனால் எடுத்துவிட்டு சும்மா இருக்க முடியாது, வேறொன்றைப் போட வேண்டும். மாற்றாகப் பேசப்படுவதில் ஒன்று ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்.

ஸ்ட்ரான்ஷியத்தின் தாது செலஸ்டைட். முன்னணி உற்பத்தியாளர்கள் ஈரான், ஸ்பெயின், சீனா, மெக்சிகோ. ஆக, பஸ்ஸில் ஏறினால் ஒரே நாளில் போய்விடக்கூடிய மங்கம்பேட்டையின் இடத்தில், கடல் தாண்டிய சுரங்கங்கள் வந்து உட்காருகின்றன.

ஒரே டப்பாவில் தடை செய்ததும், மாற்றும்

சரி, பேரியம் நைட்ரேட் குறைந்து ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் கூடுதா என்று மேப்பில் பார்க்கலாமே? முடியாது. உலகத் தளங்கள் எல்லாம் ஐ.நா.வின் வர்த்தகத் தரவை அடிப்படையாகக் கொண்டவை. அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஆறு இலக்க எச்.எஸ். குறியீடு உண்டு. பொட்டாசியம் நைட்ரேட்டுக்குத் தனியாக 2834.21 இருக்கிறது. மற்ற நைட்ரேட்டுகள் எல்லாம் 2834.29 என்ற ஒரே டப்பாவில். நீதிமன்றம் தடை செய்த பேரியம் நைட்ரேட்டும் அதில்தான், அதற்கு மாற்றான ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டும் அதில்தான்.

மேப் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு அதில் பதில் கிடையாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்தியாவின் எட்டு இலக்கக் குறியீட்டுக்கு வர வேண்டும். மத்திய வர்த்தக அமைச்சகத்தின் 'எக்ஸ்போர்ட் இம்போர்ட் டேட்டா பேங்க்' அந்த அளவுக்கு இறங்கிக் காட்டும். அது மேப் இல்லை, வெறும் அட்டவணை. ஆனாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சிவகாசி ஏன் தெரியல?

அதே ஓ.இ.சி. தளத்தில் 3604.10 என்று போட்டால் பட்டாசு வர்த்தகம் வரும். கட்டத்தின் பெரும்பகுதியை சீனா அடைத்துக்கொள்ளும். ஹுனான் மாகாணத்தின் லியூயாங், சீனாவின் சிவகாசி என்றே சொல்லலாம். இந்தியா ஒரு மூலையில் பொட்டு மாதிரி இருக்கும்.

இதைப் பார்த்து இந்தியாவில் பட்டாசுத் தொழிலே இல்லை என்று முடிவு கட்டினால் தப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள், லட்சக்கணக்கான தொழிலாளர்கள், நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் என்று பேசப்படும் பகுதி இது. ஆனால் செய்வது கிட்டத்தட்ட எல்லாமே உள்நாட்டில் வெடித்துத் தீர்கிறது. இந்தத் தளங்கள் எல்லை தாண்டும் சரக்கைத்தான் எண்ணுகின்றன. சாத்தூரிலிருந்து லாரி ஏறி பாட்னாவுக்குப் போகும் பெட்டி அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றும் வராது. வெளிநாட்டுப் பட்டாசை லைசென்ஸ் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. அதனால் கன்டெய்னரில் வேறு சரக்கின் பெயர் போட்டு ஒளித்து வரும் சீனப் பட்டாசு எந்த மேப்பிலும் பட்டாசாகப் பதிவாகாது. குளோரேட்டையும் கந்தகத்தையும் கலக்கும் வெடிமருந்துக்கு இந்தியாவில் 1992 முதல் தடை இருப்பதால், கடத்தல் சரக்கு பற்றி சிவகாசி திரும்பத் திரும்பக் குரல் எழுப்புகிறது.

எடையா, விலையா?

வியன்னா பொருளாதாரப் பல்கலைக்கழகம் நடத்தும் 'மெட்டீரியல்ஃப்ளோஸ் டாட் நெட்' இன்னொரு கோணம். இது வர்த்தகத்தோடு நிற்காமல், 1970 முதல் ஒவ்வொரு நாடும் பூமியிலிருந்து எடுத்த மொத்தத்தையும் காட்டுகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 1970-ல் சுமார் 3,000 கோடி டன்னாக இருந்த உலகத் தோண்டல் இப்போது 10,600 கோடி டன்னைத் தாண்டிவிட்டது.

இங்கே எல்லாம் நான்கே வகை: தாவர விளைபொருள், எரிபொருள், உலோகத் தாது, உலோகமல்லாத கனிமம். பேரைட் கடைசி வகையில் வரும். அதே வகையில்தான் வீடு கட்டும் மணலும் ஜல்லியும். எடையில் பார்த்தால் மணலுக்கு முன்னால் பேரைட் கண்ணுக்கே தெரியாது. தளம் எடையைக் காட்டுதா, விலையைக் காட்டுதா என்று முதலில் பாருங்க. ரிசோர்ஸ்ட்ரேட்டில் இரண்டையும் மாற்றிப் பார்க்க வசதி உண்டு, மாற்றியதும் நாடுகளின் வரிசையே புரண்டுவிடும்.

நாடு வாரியாகக் காட்டும் மேப்பில் மாவட்டம் தெரியாது. இந்தியா என்ற ஒரே கலருக்குள் மங்கம்பேட்டை சுரங்கமும் வெம்பக்கோட்டை ஆலையும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு கலவை அறையில் எந்த நைட்ரேட் எத்தனை கிலோ இருக்கு என்பது ஆலையின் இருப்புப் பதிவேட்டிலும், உரிமம் தரும் பெசோ அமைப்பின் ஆய்வுகளிலும்தான் கிடைக்கும்.