உங்களுக்குத் தெரியுமா? ஒரு வீடு, ஆறு குடித்தனம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் லாவன்ஹாம் என்றொரு சிற்றூர். அதன் சந்தைத் திடலில் நிற்கும் 'லிட்டில் ஹால்' 1390-களில் கட்டிய மரச்சட்ட வீடு. ஒரு குடும்பம் குடியிருந்து தொழிலும் நடத்துவதற்காக எழுப்பியது. 1700-களில் அதே கூரையின் கீழ் ஆறு குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்தின.

★ ஒரு வீட்டை இத்தனை கூறாக்கியும் அது எப்படி இடியாமல் நின்றது? பாரத்தைச் சுமப்பது சுவர் இல்லை என்பதுதான் ரகசியம். ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும் சாய்சட்டங்களும் பூட்டிய கூடுதான் கூரையைத் தாங்குகிறது. இடையில் இருப்பது வெறும் அடைப்பு: குச்சிகளைத் தட்டியாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பியது. இரு தூண் வரிசைகளுக்கு நடுவே உள்ள அங்கணத்தை மறித்து ஒரு தடுப்பு, தெருப்பக்கம் ஒரு வாசல், தனிக்குடித்தனம் தயார். கூரைக்கு எந்தச் சேதமும் இல்லை. தடுப்பைப் பிரித்துவிட்டால் பழைய வீடு திரும்பக் கிடைத்துவிடும்.

★ மரத்தைக் காயவைத்துப் பிறகு வேலை செய்வார்கள் என்றுதான் நினைப்போம். அந்தக் காலத்து ஆங்கிலேயத் தச்சர்கள் பச்சை ஓக்கையே இழைத்தார்கள். இளக்கமாக இருக்கும்போது செதுக்குவது எளிது. லாவன்ஹாம் வீடுகள் இன்று கோணலும் மாணலுமாக நிற்பதற்கு, மரம் பிறகு காய்ந்து முறுக்கிக்கொண்டதும் ஒரு காரணம்.

★ சட்டத்தை முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு கழற்றி, மனைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டுவார்கள். எந்தக் கழுந்து (சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு) எந்தத் துளைக்கு என்பது மறக்காதிருக்க, இரண்டிலும் ரோமன் எண்ணைக் கீறி வைப்பார்கள். கழுந்திலுள்ள ஆணித்துளையைத் தூணிலுள்ள ஆணித்துளைக்கு நேராகப் போடாமல், ஒரு நூலளவு தள்ளிப் போடுவது வழக்கம். மர ஆணியை அடித்து இறக்கும்போது, அது இரண்டு துளைகளையும் நேர்படுத்த முயன்று மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம், இரும்பு வேண்டாம். இந்தச் சின்னக் கணக்கை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

★ இப்படிப்பட்ட வீடுகளின் நடுக்கூடம் ஆதியில் கூரைவரை திறந்தே இருந்தது. தரை நடுவில் அடுப்பு. புகை கூரை வழியாகப் போகும். பிற்பாடு செங்கல் புகைபோக்கி வந்தது, கூடத்தின் குறுக்கே மாடித்தளமும் வந்தது. லிட்டில் ஹாலும் 1550-களில் புதுப்பிக்கப்பட்டது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் பரண்மேல் ஏறிப் பார்த்தால், கைமரங்களில் அந்த முதல் அடுப்பின் கரி இன்னும் படிந்திருக்கும். கரி எங்கே முடிகிறதோ, அங்கே முதல் வீட்டின் தடுப்பு இருந்தது என்று அறிஞர்கள் கணிப்பார்கள்.

★ உத்தரத்தின் அடிப்பக்கத்தில் சாய்சதுரக் குழிகள் வரிசையாகத் தெரிகின்றனவா? அங்கே கண்ணாடியில்லாத, மரக்கம்பி வைத்த சன்னல் இருந்திருக்கிறது.

★ நீலக் கம்பளித் துணியால் செழித்த ஊர் லாவன்ஹாம். 16-ஆம் நூற்றாண்டில் அந்தத் தொழில் சரிந்தது. இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் பணம் இல்லை; இருந்ததைப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் தெருக்களைக் காப்பாற்றியதில், நெருக்கியடித்து வாழ்ந்த அந்த ஏழைக் குடித்தனக்காரர்களுக்குப் பெரிய பங்குண்டு.

★ லிட்டில் ஹாலை 1920, 30-களில் சீர்செய்தவர்கள் இரட்டையர்களான ராபர்ட், தாமஸ் கேயர்-ஆண்டர்சன். இந்த ராபர்ட்தான், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற எகிப்திய வெண்கலப் பூனை கிடைக்கக் காரணமானவர். கெய்ரோவில் அவர் வாழ்ந்த வீடு, இரண்டு பழைய வீடுகளைப் பாலம் போட்டு இணைத்தது!

★ கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் என்றால்தான் பழைய ஆங்கிலேய வீடு என்று நினைக்கிறோம். மரத்துக்குக் கறுப்பு பூசுவது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு மோகம். லாவன்ஹாமில் பல வீடுகளில் சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்திருப்பதைப் பார்க்கலாம். அடியில் ஓக் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும்.