கொக்கலை நீர்விமானத் தளம்
1942–1945

காலி நகருக்குக் கிழக்கே, களப்பு என்று இந்நாட்டார் வழங்கும் இந்த அமைதியான உப்பங்கழி, இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் நீர்விமானங்கள் வந்திறங்கும் தளமாக விளங்கியது. அதன்பொருட்டுச் சுற்றுப்புறக் கிராமவாசிகள் தம் இல்லங்களைத் துறந்து வெளியேற நேர்ந்தது. இடிபடாமல் தப்பியது சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு.

1942 ஏப்ரல் 4ஆம் தேதி வைகறையில் இங்கிருந்து கட்டலீனா விமானமொன்றில் ரோந்து சென்ற கனடா நாட்டு விமானி லெனார்ட் பர்ச்சல், திரும்ப வேண்டிய தறுவாயில், தெற்கே நடுச்சமுத்திரத்தில் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்ணுற்று, எதிரிகள் தம்மைச் சுட்டு வீழ்த்துமுன் கம்பியில்லாத் தந்தி வழியே எச்சரிக்கை அனுப்பச் செய்தார். விமானத்திலிருந்த ஒன்பதின்மரில் அறுவரே பிழைத்து, யுத்தம் முடியும்வரை சிறைவாசம் அனுபவித்தனர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தபோது, துறைமுகத்திலிருந்த கப்பல்களிற் பல முன்னரே வெளியேறியிருந்தன.

1943 முதல் 1945 வரை, குவாண்டாஸ் நிறுவனத்தின் கட்டலீனாக்கள், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இக்களப்புக்கும் இடையே, சுமார் 5,600 கிலோமீட்டர் தூரத்தை எங்கும் இறங்காமல், ஜப்பானியர் செவியில் படாதிருக்க வானொலி மௌனம் காத்துக் கடந்தன. பாரம் மிகாதிருக்கப் பெரும்பாலும் மூன்றே பிரயாணிகள். உடன் சிறிது தபால். இருபத்தேழு முதல் முப்பத்துமூன்று மணி நேரம் நீண்ட அந்தப் பிரயாணத்தில் சூரியோதயத்தை இருமுறை கண்டவர்களுக்கு, அதற்கெனவே ஒரு வேடிக்கையான அத்தாட்சிப் பத்திரமும் வழங்கப்பட்டது.