வீடே கடை, விலாசம் யார் கையில்?

கடை விலாசத்தை எவ்வளவு பேர் அறிகிறார்களோ அவ்வளவுக்கு வியாபாரம் என்பது நம் அனுபவம். ஆனால் குடியிருக்கும் வீடே தொழில் நடக்கும் இடமாக இருந்தால் விலாசத்தை ஊரறியச் சொல்லத் தயக்கம் வரத்தான் செய்யும். இங்கிலாந்தில் 'சைல்டு மைண்டர்' எனப்படும் குழந்தைக் காப்பாளர்களின் நிலை அதுதான். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்துக் கட்டணம் பெறும் இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சுயதொழில் செய்வோரே. இவர்களது விவரங்களை அங்குள்ள உள்ளாட்சி மன்றங்கள் கையாளும் முறை வணிகர்கள் கவனிக்கத் தக்கது.

பதிவும் விவரமும்

8 வயதுக்குட்பட்ட குழந்தையை நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்பவர், ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு ஆய்வு அமைப்பிடமோ, பதிவு பெற்ற முகமையிடமோ பதிவு செய்தாக வேண்டும். அதே வீட்டில் வசிக்கும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்படும். தொழிலில் பங்கில்லாத கணவரும் மகனும்கூட ஏட்டில் ஏறிவிடுகிறார்கள்.

உள்ளாட்சி மன்றத்துக்கு இதில் என்ன வேலை? 2006-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி, தம் பகுதியில் யார் யாரிடம் குழந்தையை விடலாம் என்று பெற்றோருக்குத் தகவல் தருவது மன்றத்தின் கடமை. அடுத்து, அரசு அளிக்கும் இலவசப் பராமரிப்பு நேரத்துக்கான பணம் மன்றத்தின் வழியாகவே காப்பாளரைச் சேருகிறது. 2025 செப்டம்பர் முதல், தகுதியுள்ள வேலைக்குச் செல்லும் பெற்றோரின் 9 மாதக் குழந்தைக்கும் பள்ளி நடக்கும் வாரங்களில் 30 மணி நேரம் உண்டு. எனவே வங்கிக் கணக்கு எண், வருகைக் கணக்கு முதலியனவும் மன்றத்திடம் போய்ச் சேருகின்றன.

சம்மதம் எங்கே வேண்டும்?

2018-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதனோடு சேர்ந்த விதிமுறைகளும் மன்றத்தைக் கட்டுப்படுத்துகின்றன. எதற்காக விவரம் வாங்குகிறோம், யாரிடம் பகிர்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று மன்றம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டக் கடமைக்காக வாங்கும் விவரத்துக்குச் சம்மதம் கேட்கப்படுவதில்லை. குழந்தையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் காவல் துறைக்குத் தகவல் போவதையும் சம்மதமின்மை தடுக்காது.

பொதுப் பட்டியலில் வீட்டு விலாசத்தை வெளியிடுவது வேறு விஷயம். மனக்கசப்புள்ள ஒருவர் வீடு தேடி வந்துவிட்டால், அங்கே இருப்பது பிறர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா? எனவே பகுதியின் பெயரை மட்டும் வெளியிடும்படி கேட்கப் பல மன்றங்கள் இடம் தருகின்றன. ஆஃப்ஸ்டெட் ஆய்வறிக்கையிலும் காப்பாளரின் பெயருக்குப் பதில் பதிவெண்ணே காணப்படும்.

தம்மைப் பற்றி மன்றம் வைத்திருக்கும் விவரங்களின் நகலைக் காப்பாளர் கேட்டுப் பெறலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணமின்றித் தர வேண்டும். தவறிருந்தால் திருத்தக் கோரலாம். விவரங்கள் கசிந்து அதனால் யாருக்கேனும் பாதிப்பு வரக்கூடுமென்றால், மன்றம் 72 மணி நேரத்துக்குள் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடமை ஒருபக்கமானதல்ல. குழந்தையின் ஒவ்வாமை, பெற்றோரின் தொலைபேசி எண் போன்றவற்றைக் கணினியிலோ கைப்பேசியிலோ வைத்திருக்கும் காப்பாளரும் சட்டத்துக்கு உட்பட்டவரே.

நமக்கும் உண்டு

இந்தியாவில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. வீட்டுக்குச் சரக்கு அனுப்புவதற்காக நாம் கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் பெயரும் விலாசமும் வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்தவை. அரசு அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது எதற்கு, யாருக்கு, எவ்வளவு காலம் என்று மூன்று கேள்வி கேட்கப் பழகுவோம். அதே மூன்று கேள்வியை வாடிக்கையாளர் நம்மிடம் கேட்டால் சொல்லப் பதிலும் வைத்திருப்போம்.